போர் தண்ணீரும் பச்சரிசி டப்பாவும்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 34. இரண்டு வருடமாக முடி கொட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்தால் ஒரு கைப்பிடி வருகிறது. சடை எலிவால் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. அதனால்தான் என்று வீட்டுக்காரர் இருபத்திரண்டாயிரம் ரூபாய் செலவழித்து உப்பு நீக்கும் மெஷின் மாட்டினார். அவருக்கும் முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. நான்கு ஷாம்பூ மாற்றிவிட்டேன். செம்பருத்தி எண்ணெய், சின்ன வெங்காயச் சாறு எல்லாம் தேய்த்தேன். பயோட்டின் மாத்திரையும் மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை, களைப்பு மட்டும்தான். எல்லாருக்கும் போட்டுவிட்டு நான் சாப்பிட உட்கார மூன்று மணியாகிவிடும். குழம்பு மிச்சமிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் ரசம், அப்புறம் ஒரு டீ. சீரியல் பார்க்கும்போது பச்சரிசி மெல்லுவேன், அதற்கு மாமியார் கேலி செய்வார். இப்போது ஏழாவது படிக்கிற மகளும் டப்பாவுக்குள் கையை விடுகிறாள். எந்த எண்ணெய் நல்லது என்று சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

பதில்: எந்த எண்ணெயும் வேண்டாம், தங்கச்சி. அந்த டப்பாவை எடுத்து இப்படி வை.

தண்ணீருக்கும் ஷாம்பூவுக்கும் அவ்வளவு எழுதிய நீ, பச்சரிசிக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறாய். அதுவும் மாமியார் கேலி செய்கிறார் என்ற வருத்தத்தில். எத்தனை வருடமாக மெல்லுகிறாய்? ஒரு நாளைக்கு எத்தனை பிடி? அரிசி களையும்போது வாயில் நாலு போட்டுக்கொள்வதா, அல்லது டப்பா காலியானால் கை பரபரக்கிறதா? இரண்டாவதுதான் என்றால் அது பழக்கம் இல்லை, நோயின் அடையாளம். பச்சரிசி, பல்பம், சாக்பீஸ், விபூதி, செங்கல் தூள், ஃப்ரிட்ஜில் சுரண்டிய ஐஸ் என்று ஏதாவது ஒன்றின் மேல் விடாமல் வாய் போகிற பெண்களுக்கு, ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்திருக்கிறதா என்பதைத்தான் மருத்துவர்கள் முதலில் பார்ப்பார்கள். இரும்பு மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் அந்த ஆசை தானாகவே விட்டுப்போகும். பலருக்கு ஹீமோகுளோபின் சரியாக ஏறுவதற்கு முன்பே போய்விடும்.

முடிக்கு வருகிறேன். நம் தலையில் சுமாராக ஒரு லட்சம் முடி இருக்கிறது. அதில் பத்துக்கு ஒன்பது வளர்ந்துகொண்டிருக்கும், மிச்சம் ஓய்வில் இருக்கும். ஒரு முடி இரண்டிலிருந்து ஆறு வருடம் வளர்ந்து, மூன்று மாதம் ஓய்வெடுத்து, உதிர்ந்து, அதே குழியில் புதிது முளைக்கும். தினமும் ஐம்பதிலிருந்து நூறு முடி விழுவது இயற்கை. நீ வாரம் ஒரு முறை தலைக்குக் குளிக்கிறாய், அதனால் ஏழு நாள் உதிர்ந்தது மொத்தமாக ஞாயிற்றுக்கிழமை கையில் வருகிறது. அந்தக் கைப்பிடியைப் பார்த்து மட்டும் பயப்படத் தேவையில்லை. ஆனால் சடையே மெலிந்துவிட்டது என்கிறாயே, அதை அப்படி விட முடியாது.

முடியின் வேர் நம் உடம்பில் மிக வேகமாக வளரும் இடங்களில் ஒன்று. இரும்பு தட்டுப்பாடானால் உடம்பு ரத்தத்தைத்தான் முதலில் கவனிக்கும், முடிக்குக் கடைசிப் பந்தி. வளர்ந்துகொண்டிருந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போகும், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கூட்டமாகக் கொட்டும். டெங்கு, டைஃபாய்டு, பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைப்பது எல்லாவற்றுக்கும் பின்னால் முடி கொட்டுவது இந்தக் கணக்கில்தான். அவையெல்லாம் பெரும்பாலும் ஆறு மாதத்தில் அடங்கிவிடும். இரண்டு வருடமாக அடங்கவில்லை என்றால் காரணம் இன்னும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

தண்ணீரா இல்லையா என்று நீயே பார்க்கலாம். விழுந்த முடி பத்தை எடுத்துக் கறுப்புத் துணியில் பரப்பு. ஒரு முனையில் பொடியாக வெள்ளை முடிச்சு இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. அதற்கும் உப்புத் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. இரண்டு முனையும் வெறுமனே இருந்தால் அது நடுவில் ஒடிந்தது. உப்புத் தண்ணீர், ஈரத் தலையில் சீப்பு, சூடான டிரையர் எல்லாம் முடியை ஒடிக்கும், அவ்வளவுதான். இன்னொன்று: தலைக்குக் குளித்த மறுநாள், ஐம்பது அறுபது முடியை வேர்ப்பக்கம் மூன்று விரலால் பிடித்து நுனிவரை மெல்ல இழுத்து வா. தலையில் நாலு இடத்தில் செய். ஒன்றிரண்டு வந்தால் சரி. ஒவ்வொரு இடத்திலும் ஆறுக்கு மேல் வந்தால் கொட்டல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உன் வீட்டுக்காரருக்கு முன்நெற்றி ஏறுவது வேறு கதை. அது பரம்பரை, ஆண் ஹார்மோன். அப்பா வழியிலும் வரும், அம்மா வழியிலும் வரும். அவர் விரும்பினால் தோல் மருத்துவரிடம் போய் மினாக்சிடில், ஃபினாஸ்டரைடு பற்றிக் கேட்கட்டும். ஃபினாஸ்டரைடு பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு ஆகாது, அவர் மாத்திரையில் நீ பங்கு போடாதே. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேருக்கு இரண்டு காரணம், பழி மட்டும் போர் தண்ணீருக்கு.

எண்ணெய், வெங்காயம் பற்றி ஒரு வரி போதும். தேங்காய் எண்ணெய் முடியின் தண்டு கெடாமல் காக்கும், வேருக்கு ஒன்றும் செய்யாது. பயோட்டினைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயோட்டின் குறைபாடு உள்ளவர்கள் அபூர்வம், உனக்கு அது தேவையே இல்லை. அதைவிட மோசம், அதிக அளவு பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டே ரத்தம் கொடுத்தால் தைராய்டு முடிவு பொய்யாக வரும். பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்து, மருத்துவரிடமும் சொல். நிறுத்தியதைத் திரும்பத் தொடங்காதே.

பரிசோதனை மூன்று: முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை. ஆனால் அதை மட்டும் பார்த்து 'நார்மல்' என்று அனுப்பிவிட்டால் ஒத்துக்கொள்ளாதே. ஃபெரிட்டின் என்பது உடம்பின் சேமிப்பு. குதிரில் நெல் தீர்ந்த பிறகுதான் அடுப்பில் உலை நிற்கும். அதே மாதிரி, சேமிப்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். ஃபெரிட்டின் 15க்குக் கீழே என்றால் சேமிப்பு காலி. லேப் காகிதத்தில் அதற்குச் சற்று மேலே இருந்தாலே சரி என்று போட்டிருப்பார்கள். முடி கொட்டுகிறவர்களுக்கு 30, 40க்கு மேல் இருக்க வேண்டும் என்று தோல் மருத்துவர்கள் பலர் பார்க்கிறார்கள். காய்ச்சலோ சளியோ இருக்கும்போது கொடுக்காதே, அப்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். இந்தப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிறு வேண்டியதில்லை. நீ ஏற்கெனவே கிடக்கிற பட்டினி போதும்.

ரத்தம் பார்க்காமல் மாத்திரை வாங்கி விழுங்கவும் கூடாது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களுக்கும் ரத்த அணு சிறுத்துத் தெரியும், அவர்களுக்கு இரும்பு தேவைப்படாமல் இருக்கலாம்.

நீ எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மாதவிலக்கு எத்தனை நாள்? ஏழு நாளுக்கு மேல் போகிறதா? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? கட்டி கட்டியாகப் போகிறதா? 'எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான்' என்று சொல்லாதே. அப்படியென்றால் உங்கள் வீட்டில் எல்லாருக்கும் ரத்தம் குறைவு என்று அர்த்தம். மகப்பேறு மருத்துவரைப் பார்த்துக் கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடு. ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. காட்டு வேலைக்கு வெறுங்காலோடு போகிறவள் என்றால் கொக்கிப்புழுவும் ரத்தம் குடிக்கும், குடற்புழு மாத்திரையையும் கேட்டு வாங்கு.

இரும்பு குறைவு என்று உறுதியானால், மாத்திரையைச் சாப்பிடும் முறையில்தான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் இரும்பு சேர்ந்த வேதி உப்பின் மொத்த எடை, இரும்பின் அளவு பொடி எழுத்தில் இருக்கும். 300 மில்லிகிராம் ஃபெரஸ் ஃப்யூமரேட்டில் இரும்பு சுமார் 100தான். வெறும் வயிற்றில், அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கு. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை, அசிடிட்டி மருந்து எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். குமட்டினால் நிறுத்திவிடாதே. ராத்திரி படுக்கும் முன் எடு, அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேள். ஒரு நாள் விட்டு எடுத்தால் குடல் இன்னும் நன்றாக உறிஞ்சுகிறது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. எதுவுமே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊசி வழியாக ஏற்றுவார்கள். மாத்திரை அட்டையைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வை. சர்க்கரை பூசிய மாத்திரை என்று சின்னப் பிள்ளை நாலைந்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்துவதுதான் அடுத்த தப்பு. குதிர் நிறைய அதற்கு மேலும் மூன்று மாதம் ஆகும். கொட்டுவது குறைய மூன்று மாதம், சடையில் வித்தியாசம் தெரிய ஆறிலிருந்து ஒன்பது மாதம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அவசரப்படுத்த வழியில்லை. முன்நெற்றியில் குட்டி முடி நட்டுக்கொண்டு நின்றால் அது நல்ல சேதி, எண்ணெய் போட்டு அமுக்காதே. இரும்பு ஏறிய பிறகும் வகிடு அகன்றுகொண்டே போனால், அது பெண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கை. அதற்குத் தோல் மருத்துவர் மினாக்சிடில் தருவார். வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டு. பெயரில்தான் புழு, உண்மையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குவது. அதற்கும் அவரிடம்தான் போக வேண்டும்.

இப்போது மூன்று மணிச் சாப்பாட்டுக்கு வா. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என்று 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொன்னது. ஆணுக்கு 19தான். கணக்குப்படி குழம்புச் சட்டியின் அடியில் கிடக்கும் காய் அவருக்கு, மேலே இருப்பது உனக்கு. உங்கள் வீட்டில் தலைகீழாக நடக்கிறது. ரசச் சோற்றில் இரும்பும் குறைவு, புரதமும் குறைவு. இருக்கிற கொஞ்சத்தையும் உடனே குடிக்கிற டீ பிடித்துக்கொண்டு போகிறது. டீயை ஒரு மணி நேரம் தள்ளு. வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரலோ, சுவரொட்டி என்கிற மண்ணீரலோ எடுத்தால் உன் தட்டில் முதலில் விழட்டும். மற்ற நாளில் முட்டை, கொள்ளு, கேழ்வரகு, முருங்கைக்கீரை, கூடவே ஒரு நெல்லிக்காய். பீட்ரூட்டின் சிவப்பைப் பார்த்து ஏமாறாதே. பேரீச்சம்பழத்தை மட்டும் நம்பியும் இருக்காதே.

கடைசியில் சாப்பிடுவதை நீ பெருமையாக எழுதியிருக்கிறாய், யாரும் கட்டாயப்படுத்தியதாக எழுதவில்லை. எனக்கு அதில் பெருமை தெரியவில்லை. குடும்பத்துக்கு உழைப்பது கடமை, மிச்சத்தைத் தின்பது கடமை இல்லை. ஒரு மணிக்கு எல்லாரோடும் உட்கார். சட்டியை நடுவில் வை, போட்டுக்கொள்ள அவரவருக்குக் கை இருக்கிறது. மாமியார் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அவரும் முப்பது நாற்பது வருடம் அப்படிச் சாப்பிட்டவராகத்தான் இருப்பார், முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் பார். உன் வீட்டுக்காரர் இந்தப் பக்கத்தைப் படிக்கட்டும். இருபத்திரண்டாயிரத்துக்கு மெஷின் மாட்டத் தெரிந்த மனிதருக்கு, மனைவி இரண்டு வருடமாகக் களைத்துக் கிடக்கிறாளே, ஒரு ரத்தப் பரிசோதனை செய்வோம் என்று தோன்றவில்லை. அந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஹீமோகுளோபின் மட்டும் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்தக் கணக்கில் உன் மகளும் சேரப் போகிறாளா என்பதுதான் என் கவலை. அவள் உன்னைப் பார்த்து மெல்லுகிறாளா, அவளுக்கே குறைகிறதா என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. வயதுக்கு வந்தாளா இல்லையா என்றும் நீ எழுதவில்லை. வந்துவிட்டால் மாதாமாதம் இன்னும் இறங்கும். நீ போகிற அன்றைக்கே அவளையும் கூட்டிப் போ, பன்னிரண்டு வயதில் 12க்குக் கீழே இருந்தால் குறைவு. அரசுப் பள்ளியில் படிக்கிறாள் என்றால் வாரம் ஒரு நீல நிற இரும்பு மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதை விழுங்குகிறாளா, ஜன்னல் வழியாக எறிகிறாளா என்று இன்றைக்கு ராத்திரியே கேள்.