வரி போட முடியாத மத்திய அரசு

கேள்வி: சுதந்திர அமெரிக்காவின் முதல் மத்திய அரசு எட்டே ஆண்டுகளில் முடிந்துபோனதாகப் படித்தேன். மாநிலங்களுக்கு அதிகாரத்தை அள்ளிக் கொடுத்தால் நாடு என்ன ஆகும் என்பதற்கு இதுவே சாட்சி அல்லவா?
- வாசகர், கரூர்

பதில்: இல்லை. 1781 முதல் 1789 வரை அங்கே நடப்பில் இருந்தது 'கூட்டமைப்பு விதிகள்' என்ற ஏற்பாடு. போர், கடன், வெளியுறவு எல்லாவற்றையும் மத்திய அரசின் தலையில் கட்டிவிட்டு, வரி போடும் உரிமையை மட்டும் தராமல் விட்டார்கள். கோளாறு அங்கேதான். மாநிலப் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் சபைதான் அந்த மத்திய அரசு. அது 13 மாநிலங்களுக்கும் 'உங்கள் பங்கை அனுப்புங்கள்' என்று எழுதும். பணம் வராவிட்டால் மறுபடியும் எழுதும். அதற்கு மேல் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

1783 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். சம்பள பாக்கி கேட்டுச் சுமார் 400 சிப்பாய்கள் பிலடெல்ஃபியாவில் காங்கிரஸ் கூடும் கட்டடத்தைத் துப்பாக்கியோடு சூழ்ந்துகொண்டார்கள். உறுப்பினர்கள் உள்ளே. பாதுகாப்புக்கு, குடிமக்களைக் கொண்ட மாநிலப் படையான குடிப்படையை அனுப்பும்படி பென்சில்வேனியா மாநில அரசிடம் கேட்டார்கள், அது மறுத்துவிட்டது. காங்கிரஸ் ஊரைவிட்டே கிளம்பி பிரின்ஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுத்த மாநில அரசின் தலைவர் ஜான் டிக்கின்சன். 1776இல் கூட்டமைப்பு விதிகளின் முதல் வரைவை எழுதியவரே அவர்தான்! அவர் எழுதியதில் மத்திய அரசுக்கு இதைவிடக் கூடுதல் பலம் இருந்தது. அதை வெட்டிக் குறைத்தது காங்கிரஸ்.

சரி, விதியைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். திருத்தத்துக்கு 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். இறக்குமதிக்கு 5 சதவீதத் தீர்வை போட அனுமதி கேட்டார்கள். 1782இல் ரோட் ஐலண்ட் முடியாது என்றது. மறுபடி கேட்டபோது நியூயார்க் முட்டுக்கட்டை போட்டது. தன் துறைமுகத்தில் கொட்டும் வருமானத்தை விட்டுக்கொடுக்க அதற்கு மனமில்லை. பக்கத்திலுள்ள நியூஜெர்சிக்குப் போகும் சரக்குக்கும் சேர்த்து அது தீர்வை வாங்கிக்கொண்டிருந்தது.

அதற்காக அந்த அரசைக் கையாலாகாதது என்று ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். மாநிலங்கள் விட்டுக்கொடுத்த மேற்கு நிலப்பரப்பு அதன் கையில் இருந்தது. 1787 ஜூலையில் அதற்கு ஒரு சட்டம் போட்டது: ஓஹியோ நதிக்கு வடக்கே அடிமைமுறை கூடாது, அங்கே உருவாகும் புது மாநிலங்கள் பழையவற்றுக்குச் சமம். பூர்வகுடிகளின் மண்ணை இப்படிப் பங்குபோட்டது பெரிய அநியாயம், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதிகாரம் இருந்த இடத்தில் அந்த அரசு செயல்பட்டது என்பதும் உண்மை.

அப்புறம் 1787இல் பிலடெல்ஃபியாவில் எழுதிய புதிய அரசியல் சட்டம் என்ன செய்தது? வரி, வணிகம் இரண்டையும் மத்திய அரசுக்குக் கொடுத்தது. மாநிலங்களை ஒழித்துவிடவில்லை. மத்திய சட்டசபையின் மேலவையான செனட்டில் பெரிய மாநிலம், சின்ன மாநிலம் எல்லாவற்றுக்கும் ஆளுக்கு இரண்டு இடம். மத்திய அரசுக்குத் தராத, மாநிலங்களுக்கு மறுக்கப்படாத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்று 1791இல் பத்தாவது திருத்தமும் சேர்ந்தது. நீங்கள் சாட்சிக்கு அழைக்கும் நாட்டில் இன்றைக்கும் அதுதான் சட்டம்.