எல்லாத் துண்டுகளுக்கும் இடமில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். துணித்துண்டுகளை இணைத்து அடுக்குகளாகத் தைக்கும் குவில்ட் கலை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பவள் நான். பல வருடங்களாக வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். வெட்டியது போக மிஞ்சும் துணியைத் தூக்கிப்போட மனம் வருவதில்லை. கட்டைவிரல் அகலத் துண்டைக்கூட எடுத்து வைத்துவிடுவேன். இப்போது பை பையாகச் சேர்ந்துவிட்டது.

இவற்றைக் கொண்டு சுவரில் மாட்டுவதற்கு ஒரு குவில்ட் செய்யத் தொடங்கினேன். ஒரு துண்டும் வீணாகக் கூடாது என்பது என் எண்ணம். பாதி முடித்துவிட்டு எட்டி நின்று பார்த்தால், தரையில் கொட்டிய துணிக்குவியலை அப்படியே தைத்து வைத்தது போல இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் அழகுதான். சேர்ந்ததும் ஏன் இப்படி ஆகிறது? ஒற்றை நிறத் துணி புதிதாக வாங்கி நடுநடுவே சேர்க்கலாமா, அல்லது அது ஏமாற்று வேலையா?

பருத்தி, பனியன் துணி, சாட்டின் எல்லாவற்றையும் கலந்து தைத்ததில் அங்கங்கே இழுத்துக்கொண்டு சுருங்கியும் நிற்கிறது. இதைப் பார்த்த தோழி ஒருத்தி, "போர்த்திக்கொள்ள உதவாத போர்வை எதற்கு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. காலமான என் அப்பாவின் சட்டைகள் சில என்னிடம் இருக்கின்றன. அவற்றையும் இதில் சேர்க்க நினைக்கிறேன். ஆனால் கத்தரிக்கோலை எடுத்தால் கை ஓடவில்லை.

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள்: "ஒரு துண்டும் வீணாகக் கூடாது." சிக்கனம் நல்ல குணம். துணி சேர்க்கும்வரை அது உங்களோடு இருக்கட்டும். படம் அமைக்க உட்காரும்போது அதை வெளியே நிறுத்திவிடுங்கள். கையிருப்பைக் காலி செய்யும் நோக்கத்தோடு செய்யப்படும் குவில்ட், காலி செய்யப்பட்ட கையிருப்பாகவே தெரியும். உங்களிடம் உள்ளதில் பாதிக்கு மேல் இந்தப் படத்தில் வரக்கூடாது என்பேன். பைகளில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே போதும்.

'வீணாகக் கூடாது' என்பதைக் கணக்காகவும் பார்த்துவிடலாம். துண்டோடு துண்டை இணைத்துத் தைக்கும் ஒட்டுவேலையில் நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போகும். இரண்டு அங்குலச் சதுரம் தைத்து முடித்ததும் ஒன்றரை அங்குலமாகிறது. நான்கு சதுர அங்குலத் துணியில் வெளியே தெரிவது இரண்டேகால்தான். ஓர் அங்குலச் சதுரத்தின் நிலை இன்னும் மோசம்: முக்கால் பங்கு துணி உள்ளே மடிந்து, கால் பங்குதான் கண்ணில் படும். கட்டைவிரல் அகலத் துண்டுகளை வரிசையாக இணைத்துத் தைக்கும்போது நீங்கள் துணியைக் காப்பாற்றவில்லை, படத்தின் பின்புறத்தில் புதைக்கிறீர்கள். அங்கே அது தடிப்பாகச் சேர்ந்து ஊசியையும் உடைக்கும்.

அத்தனை சிறிய துண்டுகளுக்கு அப்ளிக் பொருத்தமானது. உருவமாக வெட்டி மேலே வைத்துத் தைக்கும்போது ஓரம் மடிக்கும் அளவுதான் போகும். ஓரத்தை மடிக்காமல் அப்படியே விட்டு, மேலே தையல் ஓட்டினால் அதுவும் போகாது. ஹேரியட் பவர்ஸ் என்ற பெண்மணியின் வேலையைத் தேடிப் பாருங்கள். 1837இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். அவர் செய்ததில் இன்று நமக்குத் தெரிந்தவை இரண்டே குவில்ட்கள். ஒன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலும் மற்றொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் உள்ளன. பாஸ்டனில் இருப்பதில் பதினைந்து கட்டங்கள். பைபிள் கதைகளோடு, 1833இல் வானத்திலிருந்து எரிகற்கள் மழையாகக் கொட்டிய இரவையும் அதில் வைத்திருக்கிறார். மனிதர்கள், விலங்குகள், நட்சத்திரங்கள் எல்லாம் வெட்டி வைத்த துணித்துண்டுகள். ஒவ்வொரு உருவத்தைச் சுற்றியும் அவர் எவ்வளவு வெற்றிடம் விட்டிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. தனியாக அழகான துண்டுகள் சேர்ந்ததும் ஏன் குப்பையாகின்றன? எல்லாம் ஒரே உரத்த குரலில் பேசுவதால். நீங்கள் இதுவரை நிறம் பார்த்துப் பிரித்திருப்பீர்கள்: சிவப்பு ஒரு பை, நீலம் ஒரு பை. அதைக் கலைத்துவிட்டு வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்றாகப் பிரியுங்கள். வெளிர் மஞ்சளும் வெளிர் நீலமும் ஒரே குவியலுக்குப் போகட்டும். கரும்பச்சையும் அரக்குச் சிவப்பும் ஒன்றாக இருக்கட்டும். கண்ணை நம்பாதீர்கள், பளிச்சென்ற நிறம் ஏமாற்றும். துண்டுகளைப் பரப்பிக் கைபேசியில் கருப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். வேறு வேறு என்று நீங்கள் நினைத்த சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பலாகிவிடும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பது இதற்குப் பழைய வழி. கைபேசி அதைக் கொஞ்சம் நேர்மையாகச் செய்கிறது.

நடுத்தரக் குவியல் மலைபோல உயரும். உடை தைக்க வாங்கும் துணிகளில் பெரும்பாலானவை அந்தத் தரம்தான், அதிலும் பூப்போட்டவை. வெளிரும் அடரும் இல்லாமல் நடுத்தரத்தை நடுத்தரத்தோடு தைத்தால் எங்கே ஒரு வடிவம் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. உங்கள் குவில்ட் அப்படித்தான் இருக்கும் என்று பார்க்காமலே பந்தயம் கட்டுவேன். தீர்வு, நடுத்தரத்தில் பெரும்பகுதியை மூட்டை கட்டி உள்ளே வைப்பது. மீதியில் மூன்று அல்லது நான்கு நிறங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

நிறம் குறைந்தால் படம் வறண்டுவிடும் என்ற பயம் வேண்டாம். அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் செய்த குவில்ட்கள் உலகப் புகழ் பெற்றவை. அந்த வட்டாரத்தில் 1966இல் தொடங்கிய ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவு அமைப்புக்கு, 1972இல் சியர்ஸ் என்ற கடை நிறுவனத்திடமிருந்து, கார்டுராய் என்ற வரிவரியான துணியில் தலையணை உறை தைக்கும் வேலை வந்தது. வெட்டி மிஞ்சிய கார்டுராய் வீடுகளுக்குப் போனது. பொன்மஞ்சள், அவகாடோ பச்சை, சிவப்பு என்று சில நிறங்கள், வளைந்து கொடுக்காத தடித்த துணி. நுணுக்கமான துண்டுவேலைக்கு ஒத்துவராத அந்தத் துணியை அவர்கள் அகலமான பட்டைகளாகவும் கட்டங்களாகவும் வைத்தார்கள். அந்தக் குவில்ட்களில் உள்ள துணிச்சலுக்கு அந்தக் குறுகிய கையிருப்பே காரணம் என்று நான் நினைக்கிறேன். மிச்சத்துணியின் உண்மையான பரிசு வகைவகையாகக் கிடைப்பது அல்ல. நீங்கள் கேட்காத ஒன்று உங்கள் முன்னால் வந்து, 'என்னை வைத்து என்ன செய்வாய்?' என்று நிற்பது.

புதுத் துணி வாங்குவது ஏமாற்று வேலை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில், ஒழுங்கற்ற வடிவத் துண்டுகளைக் கலந்து தைக்கும் 'கிரேசி குவில்ட்' மோகம் தலைக்கேறியபோது, பட்டுத் துண்டுகளைப் பொட்டலமாக விற்கும் விளம்பரங்கள் பத்திரிகைகளில் வந்தன. மிஞ்சிய துணியில் செய்ய வேண்டியதை, மிஞ்சிய துணியைக் காசு கொடுத்து வாங்கிச் செய்தார்கள்! அவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் பரிசுத்தமானவர். ஆனாலும் வாங்குவதற்கு முன் உங்கள் துண்டுகளைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அச்சிட்ட துணியின் மறுபுறம் பெரும்பாலும் மங்கலாக, அடங்கிய நிறத்தில் இருக்கும்; உங்களுக்கு இல்லாத வெளிர் அங்கேயே இருக்கலாம். லைனிங் துணி வெட்டி மிஞ்சியதையும் பாருங்கள். கண் இளைப்பாற ஒற்றை நிறம் தேவை என்ற உங்கள் ஊகம் சரி. அதை நடுநடுவே தூவாமல் ஒரே பெரிய பரப்பாக வையுங்கள்.

இழுத்துக்கொள்ளும் சிக்கலுக்குக் காரணம் துணி வகை மட்டும் அல்ல. பாவு ஊடு நூல்களுக்கு நேராக இல்லாமல் சாய்வாக, அதாவது கிராஸாக, வெட்டிய ஓரம் இழுத்தால் நீளும் என்பது தையல்காரரான உங்களுக்குத் தெரியும். மிச்சத் துண்டுகளில், குறிப்பாகக் கைக்குழி, கழுத்து வெட்டி மிஞ்சியவற்றில், பாதி ஓரம் அப்படித்தான் இருக்கும். அதோடு பனியன் துணியும் வழுக்கும் சாட்டினும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. கிரேசி குவில்ட் செய்தவர்களின் பட்டும் வெல்வெட்டும் இதே தொல்லையைக் கொடுத்தன. அவர்கள் ஒரு சாதாரணப் பருத்தித் துணியை அடியில் விரித்து, ஒவ்வொரு துண்டையும் அதன்மேல் வைத்துத் தைத்தார்கள். இழுப்பை அடித்துணி தாங்கிக்கொள்ளும். நீங்களும் பழைய மெல்லிய பருத்தித் துணியை அடியில் கொடுங்கள். பனியன் துணிக்கும் சாட்டினுக்கும் இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸைப் பின்னால் ஒட்டி, அதன்பிறகு வெட்டுங்கள். இஸ்திரியை இழுத்துத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுங்கள். தேய்த்தால் கிராஸ் ஓரம் அங்கேயே நீண்டுவிடும். சாயம் போகிற துணியையும் இப்போதே கண்டுபிடித்துவிடுங்கள்: ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடாக அழுத்தினால் தெரிந்துவிடும்.

அளந்து இணைப்பதே அலுப்பாக இருந்தால் வேறொரு முறை இருக்கிறது. கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பகுதியில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் செய்யும் கவந்தி. அடித்துணியின் ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளின் ஓரத்தை மடித்து வைத்துக்கொண்டே, எல்லா அடுக்குகளையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டபடி ஓரமாகச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். இணைப்பது தனி வேலை, குவில்ட் தைப்பது தனி வேலை என்பது அதில் கிடையாது. அடுத்து எந்தத் துண்டு என்பதை முந்தைய துண்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். திட்டம் போட்டுப் போட்டே திட்டத்தில் சிக்கிக்கொள்பவர்களுக்கு இது நல்ல மருந்து. இயந்திரத்தை மூடிவிட்டுச் சிறியதாக ஒன்று இப்படிச் செய்து பாருங்கள்.

உங்கள் தோழியின் கேள்விக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். 1971இல் ஜொனாதன் ஹோல்ஸ்டைன், கெயில் வான் டெர் ஹூஃப் இருவரும் தாங்கள் சேர்த்த பழைய குவில்ட்களை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவர்களில் ஓவியங்களைப் போல மாட்டினார்கள். குவில்ட் போர்த்திக்கொள்ள மட்டும்தானா என்ற விவாதம் அப்போதே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. எனக்கு அதில் ஒரு குறை உண்டு. அந்தக் காட்சியில் நவீன ஓவியத்தோடு ஒத்துப்போவதே குவில்டின் பெருமை என்பது போன்ற தொனி இருந்தது. செய்த பெண்களின் பெயர் பெரும்பாலும் தெரியாமலே போனது. ஆகவே நீங்கள் செய்வதன் பின்புறத்தில் பெயரும் ஆண்டும் எழுதிய துணிச்சீட்டு ஒன்றைத் தைத்துவிடுங்கள். தோழிக்கு வேறு போர்வை ஒன்று கொடுங்கள், போர்த்திக்கொள்ளட்டும்.

அப்பாவின் சட்டைகளை இந்தக் குவில்டில் சேர்க்காதீர்கள். பூப்போட்ட துணிகளுக்கு நடுவே அவை காணாமல் போய்விடும், பிறகு உங்களுக்கு வருத்தம்தான் மிஞ்சும். அவற்றுக்குத் தனியாக ஒன்று செய்யுங்கள். ஜீஸ் பெண்டில் மிசௌரி பெட்வே என்பவர் 1942இல் கணவர் இறந்த பிறகு அவருடைய வேலை உடைகளைக் கொண்டே ஒரு குவில்ட் செய்தார். மகள் ஆர்லான்சியாவும் உடன் உதவினார். வேறு அலங்காரம் எதையும் அதில் தேடி அலையாமல், அந்தத் துணிகளையே பேசவிட்டிருக்கிறார்.

அந்த ஊரின் வேலை உடைக் குவில்ட்கள் சிலவற்றில் ஒன்றைக் காணலாம். உடையில் தைத்திருந்த பையைப் பிரித்து எடுத்த இடத்தில் மட்டும் நீலம் வெளுக்காமல் அடர்ந்து நிற்கும். சுற்றிலும் வெயிலும் சலவையும் தின்ற நிறம். உங்கள் அப்பா சட்டைப்பையின் அடியிலும் அப்படி ஒரு சதுரம் இருக்கக்கூடும். ஆகவே முதலில் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள், தையலைப் பிரியுங்கள். பை, கழுத்துப்பட்டி, கைப்பட்டி என்று ஒவ்வொன்றாகப் பிரித்தால் சட்டை தானாகவே துண்டுகளாகிவிடும், வெட்ட வேண்டியது கொஞ்சம்தான் இருக்கும். பிரிப்பதற்கு முன் சட்டையை முழுதாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுப் பகுதிதான் அகலமானது, அதைக் கடைசிவரை வெட்டாமல் வைத்திருங்கள். கழுத்துப்பட்டி மடிப்பில் நைந்திருந்தால் அடியில் மெல்லிய துணி கொடுத்துக் கையால் தையுங்கள். பொத்தான் பட்டியைப் பொத்தான்களோடு அப்படியே பயன்படுத்தலாம், ஆனால் தையல் இயந்திரத்தின் பாதம் அதில் இடிக்காதபடி ஓரத்தில் வையுங்கள்.

இதற்கு அவசரமில்லை. இப்போது பாதியில் நிற்கும் குவில்டைப் பிரித்து, நடுத்தரக் குவியலை உள்ளே வைத்துவிட்டு, மறுபடி ஆரம்பியுங்கள். அது முடிந்த பிறகு சட்டைகளை எடுக்கலாம்.

அன்புடன்.