லித்தியத்தை விட்டுவிட்டு யோகாவில் சமாளிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. மூன்று வருடங்களுக்கு முன் பல நாள் தூக்கமே இல்லாமல், சேமிப்பையெல்லாம் ஆன்லைன் வர்த்தகத்தில் விட்டு, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. பைபோலார் (மனம் மாறி மாறி அளவுமீறி எழுந்தும் சோர்ந்து விழுந்தும் போகும் நோய்) என்றார்கள். அன்றிலிருந்து லித்தியம் சாப்பிடுகிறேன். இரண்டு வருடமாக எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் கை நடுங்குகிறது, எடை கூடிவிட்டது. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். "நல்லாத்தானே இருக்கே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்கிறார் அப்பா. யோகா, இயற்கை உணவு, நல்ல தூக்கம் என்று மாறிக்கொண்டு மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்: அப்பா சொல்கிற அந்த இரண்டு நல்ல வருடங்களும் லித்தியத்தோடு கழிந்தவை. மாத்திரை இல்லாமல் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்பது அவருக்கும் தெரியாது, உங்கள் மருத்துவருக்கும் தெரியாது. நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு வைக்கும் பணயம் வேலை, சேமிப்பு, சில சமயம் உயிர். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு மேனியா, அதாவது கட்டுக்கடங்காத மன எழுச்சி, வந்த ஒருவரிடம், யோகாவை மட்டும் நம்பி மாத்திரையை விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

மாத்திரை இல்லாமலே பல வருடம் ஓட்டுகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். முழு மேனியா வராமல் லேசான எழுச்சியும் மனச்சோர்வும் மட்டும் வரும் இரண்டாம் வகை பைபோலாரில் சிலரைப் பார்க்கலாம். அப்படித் தப்பிப்பவர் யார் என்று முன்கூட்டிச் சொல்லும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அதோடு, சிகிச்சையே எடுக்காவிட்டாலும் நடுநடுவே மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும் நோய் இது. மாத்திரையை விட்டவர் முதல் சில வாரம் தெளிவாக, சுறுசுறுப்பாக உணர்ந்து, "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்பார். அந்தச் சுறுசுறுப்பே அடுத்த மேனியாவின் முதல் படியாக இருப்பதும் உண்டு. லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் அடுத்த சில மாதங்களில் மேனியா திரும்பும் வாய்ப்பு அதிகம். தற்கொலை ஆபத்தும் கூடும். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-ல் மேனியாவுக்குத் தந்து பார்த்த மருந்து, இத்தனை புது மருந்துகள் வந்த பிறகும் நிலைத்து நிற்கிறது. தற்கொலையைக் குறைப்பதில் லித்தியத்துக்கு இருக்கும் ஆதாரம் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால், உங்களுக்குச் சலிப்பு மாத்திரை மேல் அல்ல, நடுக்கத்தின் மேலும் எடையின் மேலும்தான் என்று தோன்றுகிறது. இரண்டுக்கும் வழி உண்டு. காபி டம்ளரைத் தூக்கும்போது விரல் நுனியில் தெரிகிற மெல்லிய நடுக்கம் லித்தியத்தில் சகஜம். ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். தொடர் சிகிச்சையில் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை போதும். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு லேப்புக்குப் போனால் எண் தப்பாக வரும், அளவைத் தேவையில்லாமல் மாற்றுவார்கள். அளவைச் சற்றுக் குறைப்பது, மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாறுவது, காபியைக் குறைப்பது, ஆஸ்துமா இல்லாதவர்களுக்கு நடுக்கத்தைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரை சேர்ப்பது என்று மருத்துவர் கையில் பல வழிகள் இருக்கின்றன.

எடைக்கு முதலில் தைராய்டு பாருங்கள். லித்தியம் தைராய்டை மந்தமாக்கலாம். அதனாலும் எடை ஏறும், சோர்வும் வரும். அதைப் பலர் மனச்சோர்வு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை லித்தியம் அளவோடு சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் மூன்றையும் பார்ப்பது நல்லது. இன்னொன்று, லித்தியம் தாகத்தைக் கூட்டும். அந்தத் தாகத்துக்குக் கலர் சோடாவும் பாட்டில் ஜூஸும் குடித்தே எடை ஏற்றிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கூடவே ஓலான்சபின் போல வேறு மனநல மாத்திரை இருந்தால், எடைக்கு அதுதான் காரணமா என்றும் கேளுங்கள்.

நடுக்கம் திடீரென்று பெரிதாகி, வாந்தி, பேதி, தள்ளாட்டம், நாக்குழறல் வந்தால் அது வேறு கதை. லித்தியம் நச்சு அளவுக்கு ஏறியிருக்கலாம். அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இயற்கை உணவு என்றீர்களே, அதில்தான் எனக்குப் பயம். உப்பில்லா உணவு, பட்டினி, பேதி மருந்து என்று சில முகாம்களில் நடத்துகிறார்கள். உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறிவிடும். சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும்போதும் இதே கதைதான். மெடிக்கல் ஷாப்பில் சும்மா வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும், சில ரத்த அழுத்த மாத்திரைகளும் அளவை ஏற்றும். தலைவலிக்கு பாராசிட்டமால் போதும்.

யோகா செய்யுங்கள், தாராளமாக. ஆனால் மூன்று மணிக்கு எழுப்பிவிடுகிற பயிற்சிகளும், பல நாள் மௌனத் தியான முகாம்களும் வேண்டாம். மாத்திரைக்கு அடுத்தபடி உங்களைக் காப்பது தூக்கம்தான். ஒரே ஒரு இரவு விழித்தால்கூடச் சிலருக்கு மேனியா கிளம்பிவிடும். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, சாப்பிடுவது, படுப்பது என்று அன்றாடத்தை ஒழுங்காக்குவதையே மையமாக வைத்து ஒரு பேச்சு சிகிச்சை உண்டு. மருந்தோடு சேர்த்துச் செய்தால் பலன் இருக்கிறது. நைட் ஷிஃப்ட் இருந்தால் மாற்றித் தரச்சொல்லிக் கேளுங்கள். மதுவும் கஞ்சாவும் கூடாது. மனம் சோர்ந்தால் பொது மருத்துவரிடம் மனச்சோர்வு மாத்திரை மட்டும் வாங்கிச் சாப்பிடாதீர்கள், அது மேனியாவுக்குத் தள்ளிவிடலாம். ஸ்டீராய்டு எழுதினாலும் பைபோலார் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

நன்றாக இருக்கும் இப்போதே உட்கார்ந்து, போன முறை எப்படித் தொடங்கியது என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். நாலு மணி நேரம் தூங்கியும் களைப்பில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு மெசேஜ், புதுசாகக் கடன் என்று இருக்கும். அந்தத் தாளை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, இதில் இரண்டு தெரிந்தால் மருத்துவரைக் கூப்பிடு, கார்டை வாங்கி வைத்துக்கொள் என்று சொல்லிவையுங்கள். யூபிஐ வரம்பையும் இன்றே குறைத்துவிடலாம்.

கல்யாண விஷயத்தில் மறைக்காதீர்கள். முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கியதாகச் சொல்லித் திருமணத்தை ரத்து செய்யக் கேட்க இந்து திருமணச் சட்டத்தின் 12-வது பிரிவு இடம் தருகிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். மாத்திரை அட்டையை எத்தனை நாள் பீரோவுக்குள் ஒளித்து வைப்பது? நிச்சயத்துக்கு முன், பெண்ணிடமே நேரில் சொல்வது நல்லது. கல்யாண வாரத்தில் விடியற்கால முகூர்த்தம், ராத்திரி முழுக்க உறவுக்கூட்டம் என்று தூக்கம் கெடும், அதை முன்கூட்டியே திட்டமிடுங்கள். (இதைப் படிக்கும் பெண்களுக்கு: பைபோலாருக்குத் தரும் இன்னொரு மாத்திரையான வால்ப்ரோயேட் சாப்பிடும்போது கருத்தரித்தால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக்குறை வரலாம். குழந்தை பற்றி யோசிக்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்; நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.)

இவ்வளவுக்குப் பிறகும் விட்டுப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், அந்த முடிவு உங்களுடையது. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்; கல்யாணமோ வேலை மாற்றமோ இருக்கும் சமயத்தில் தொடங்கக் கூடாது. மறுபடி எப்போது ஆரம்பிப்பது என்றும் முன்பே பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இடையில் தூக்கம் குறைந்தாலோ, சாகலாம் என்ற எண்ணம் வந்தாலோ அடுத்த அப்பாயிண்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்; அன்றே மருத்துவரைப் பாருங்கள். நள்ளிரவாக இருந்தால் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.