உயர்த்திய ஜீப்புக்கு எந்தப் பின் டிரைவ் ஷாஃப்ட்?

அன்புள்ள தம்பி,

டென்வருக்கு வந்த ஆறாம் மாதத்திலேயே, நான்கு அங்குலம் உயர்த்திய 2003 ஜீப் ராங்லர் ஒன்றைக் கைமாற்றில் வாங்கியிருப்பதாகவும், 55 மைல் வேகத்தைத் தாண்டினால் இருக்கைக்கு அடியில் அதிர்வதாகவும் எழுதியிருந்தீர்கள். யூட்டா மாநிலத்து மோவாப் பாறைப் பாதைகளுக்குப் போகுமுன் எந்தப் பின் டிரைவ் ஷாஃப்டை வாங்கலாம் என்பது உங்கள் கேள்வி. இதே மாதிரி வண்டியைப் பல ஆண்டுகளாக இங்கே வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஷாஃப்டை இப்போது வாங்காதீர்கள், கடைசியாக வாங்க வேண்டிய பொருள் அதுதான்.

நம் ஊர் லாரிப் பட்டறைகளில் புரொப்பெல்லர் ஷாஃப்ட், கிராஸ் என்று சொல்கிறோமே, அவையே இங்கே டிரைவ் ஷாஃப்ட், யூ ஜாயிண்ட். எஞ்சினின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு ஷாஃப்ட்; அது சாய்ந்தபடியே சுழல இடம்தரும் மூட்டு கிராஸ். லாரியில் ஷாஃப்ட் நீளமானது என்பதால் சாய்வு குறைவு. உங்கள் வண்டியிலோ முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 93.4 அங்குலம்தான், எஞ்சினும் கியர் பெட்டியும், சுழற்சியை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் எடுத்துக்கொண்டது போகப் பின் ஷாஃப்டுக்கு ஏறத்தாழ ஒரு முழம் மிஞ்சும். அவ்வளவு குட்டையான தண்டின் ஒரு முனையை நான்கு அங்குலம் தூக்கினால் சாய்வு மிகவும் கூடிவிடுகிறது. சாய்ந்த கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கம்தான் உங்கள் இருக்கைக்கு அடியில் தெரிகிறது.

டிரான்ஸ்ஃபர் கேஸைத் தக்கை வைத்துத் தாழ்த்தினால் அதிர்வு குறையும். ஆனால் பாறையில் முதலில் இடிபடும் வயிற்றுப் பகுதியும் தாழ்ந்துவிடும் என்பதால், அதைத் தற்காலிக ஏற்பாடாக மட்டுமே கருதுகிறேன்.

உங்களுடையது ரூபிகான் (கரடுமுரடான பாதைக்கென வந்த ராங்லர் வகை) அல்ல என்பதால், ஷாஃப்டின் நுனி டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நுழைந்து வழுக்கி நகரும் அமைப்புதான் இருக்கும். அதை நீக்கிவிட்டு, ஷாஃப்டை போல்ட் போட்டு மாட்டும் நிலையான யோக்கை (கிராஸைப் பிடித்துக்கொள்ளும் கவை) பொருத்துங்கள். ஸ்லிப் யோக் எலிமினேட்டர் என்று கேட்டால் தருவார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸின் வால் பகுதி குட்டையாவதால் சில அங்குலம் நீளமான ஷாஃப்டை வைக்க இடம் கிடைக்கும், சாய்வும் குறையும். இன்னொரு நன்மையை நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். மலைப்பாதையில் பின் ஷாஃப்ட் முறிந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, நான்கு சக்கர இயக்கத்தில் போட்டு, முன் சக்கரங்களின் இழுவையிலேயே ஊர் திரும்பலாம். பழைய அமைப்பில் ஷாஃப்டை உருவினால் அந்த ஓட்டை வழியாக எண்ணெய் கொட்டிவிடும்.

அதன் பிறகு, டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டைக் கிராஸ் உள்ள டபுள் கார்டன் ஷாஃப்டுக்கு அளவெடுக்க வேண்டும். சாய்வை அந்த இரண்டு கிராஸும் தங்களுக்குள் பகிர்ந்து சரிக்கட்டிக்கொள்வதால், பின் அச்சின் பினியன் (ஷாஃப்டிலிருந்து சுழற்சியை வாங்கும் பல்சக்கரத் தண்டு) ஏறக்குறைய ஷாஃப்டின் நேர்கோட்டிலேயே இருக்க வேண்டும். முடுக்கும்போது பினியன் சற்று மேலெழும் என்பதால் நிற்கும் நிலையில் ஒன்றிரண்டு டிகிரி தாழ்த்தி வைப்பார்கள். இதற்கு நீளம் மாற்றத்தக்க மேல் கண்ட்ரோல் ஆர்ம்கள் (அச்சை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கம்பிகள்) தேவைப்படும்.

பினியன் கோணத்தைச் சரிசெய்த பிறகே நீளத்தை அளக்க வேண்டும். வண்டியின் முழு எடையும் நான்கு டயர்களிலும் சமதரையில் நிற்க வேண்டும். நான் முதல் முறை ஜாக்கியில் தூக்கி, அச்சு தொங்கிய நிலையில் அளந்து எழுதி அனுப்பினேன். வந்த ஷாஃப்டை மாட்டி வண்டியை இறக்கியதும், ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய உதவும் வழுக்குப் பகுதி ஒரு விரற்கடைகூட மிச்சமின்றி உள்ளே போய் முட்டி நின்றது. அளவுக்கு வெட்டியதைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

33 அங்குல டயருக்கு 1310 அளவு கிராஸ் போதும். அதைவிடப் பெரிய 1350 வலுவானதுதான் என்றாலும், எதாவது ஒன்று உடைந்தே தீரும் என்றால் பினியனைவிடக் கிராஸ் உடைவது மேல். ஆயத்தமாக விற்பதை வாங்காமல், குழாயை வெட்டிப் பற்றவைத்து, சுழற்றிச் சமன்செய்து தரும் உள்ளூர் டிரைவ் ஷாஃப்ட் பட்டறையிலேயே செய்துகொள்ளுங்கள். கிரீஸ் ஏற்றக்கூடிய ஜாயிண்டுகளைக் கேளுங்கள். குளிர்காலத்தில் இங்கே சாலைகளில் தெளிக்கும் மெக்னீசியம் குளோரைடு இரும்பை அரித்துவிடும். இரட்டைக் கிராஸின் நடுவிலுள்ள பந்துக்கு ஊசி முனை கிரீஸ் கன் இல்லாமல் எட்டாது.

இந்தச் சனிக்கிழமை டிரான்ஸ்ஃபர் கேஸ், ஷாஃப்ட், பினியன் ஆகிய மூன்றின் சாய்வையும் டிகிரியில் அளந்து எழுதி அனுப்புங்கள். கண்ட்ரோல் ஆர்மை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதைச் சேர்ந்தே கணக்கிடுவோம்.