டோடோவைத் தீர்த்துக்கட்டியது யார்? கேள்வி பதில்

இந்தியப் பெருங்கடலின் மொரீஷியஸ் தீவில் வாழ்ந்து அழிந்த பறக்காத பறவை டோடோ. அதைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். முடிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சார், டோடோ கோழி இனமா, வான்கோழி இனமா? படத்தைப் பார்த்தால் ரெண்டும் கலந்த மாதிரி இருக்கிறது.

இரண்டும் இல்லை, புறா! 2002இல் டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இன்று உயிரோடு இருக்கும் பறவைகளில் டோடோவுக்கு மிக நெருங்கிய உறவு நிக்கோபார் புறா என்று தெரிந்தது. நம் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இருக்கிறதே, பச்சையும் செம்பும் மின்னும் அதே புறாதான். மொரீஷியஸுக்குக் கிழக்கே உள்ள ரொட்ரிக்ஸ் தீவில் சாலிட்டேர் என்று இன்னொரு பறக்காத பறவை இருந்தது. அது டோடோவின் உடன்பிறப்பு மாதிரி. 18ஆம் நூற்றாண்டில் அதுவும் போய்விட்டது.

கேள்வி: பறந்து வந்த புறா ஏன் பறக்க மறந்தது?

மனிதர் வருவதற்கு முன் மொரீஷியஸ் தரையில் வௌவாலைத் தவிர வேறு பாலூட்டியே கிடையாது. பூனை, நரி, கீரி எதுவும் இருந்ததில்லை. பழமும் விதையும் தரையிலேயே விழுந்து கிடந்தன. பறப்பதற்கான மார்புத் தசையை வளர்த்துப் பராமரிக்க ஏகப்பட்ட தீனி வேண்டும். ஆபத்தே இல்லாத இடத்தில் அது வீண் செலவு. தலைமுறை தலைமுறையாக இறக்கை சிறுத்து, உடம்பும் காலும் பெருத்தன. கடைசியில் பத்துக் கிலோவுக்கு மேல் எடையும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரமும் உள்ள பறவையாகிவிட்டது.

கேள்வி: மனிதனைப் பார்த்து ஓடாமல் நின்று அடிவாங்கிச் செத்த முட்டாள் பறவைதானே? இதற்குப் போய் ஏன் இவ்வளவு வருத்தம்?

2016இல் ஒரு டோடோ மண்டையோட்டை ஸ்கேன் செய்து மூளையின் அளவைக் கணக்கிட்டார்கள். உடம்பின் அளவுக்குப் புறாக்களுக்கு எவ்வளவு மூளை இருக்குமோ, அதேதான் இதற்கும் இருந்தது. மோப்பம் சார்ந்த பகுதி மட்டும் கொஞ்சம் பெரிது. ஓடாமல் நின்றதற்கு மந்தபுத்தி காரணமில்லை. தன்னைத் துரத்தித் தின்னும் விலங்கை அதன் மூதாதையர் எவரும் பல லட்சம் ஆண்டுகளாகப் பார்த்ததில்லை. கலாபகஸ் தீவுகளின் பறவைகள் இன்றும் மனிதரின் காலடிக்கே வருகின்றன, அவற்றை யாரும் முட்டாள் என்பதில்லை. டோடோ மட்டும் செத்த பிறகும் திட்டு வாங்குகிறது.

கேள்வி: டச்சு மாலுமிகள் தின்றே தீர்த்துவிட்டார்கள் என்று பள்ளியில் படித்தோம். உண்மையா அண்ணா?

பாதிகூட உண்மையில்லை. டச்சுக் கப்பல்கள் 1598இல் வந்தன. மாலுமிகள் டோடோவை அடித்துத் தின்றார்கள், சிலர் உப்புக்கண்டம் போட்டும் எடுத்துப் போனார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் வேகவேக இறுகும் இறைச்சி என்று அலுத்துக்கொண்டவர்களும் அவர்களே. அதே தீவில் மணிப்புறாவும் பெரிய ஆமைகளும் கிடைக்கும்போது இதை யார் தேடிப் போவார்? 1638இல் குடியேற்றம் தொடங்கியபின்னும் தீவில் இருந்தவர்கள் வெகு சிலர். அவர்களின் கோட்டைக் குப்பையைப் பிற்காலத்தில் தோண்டிப் பார்த்தார்கள். அதில் டோடோ எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

உண்மையான கொலைகாரர்கள் கப்பலில் மனிதரோடு வந்தவை: எலி, பன்றி, குரங்கு. எலிகள் டச்சுக்காரர்களுக்கு முன்பே கரையேறிவிட்டன. டோடோ தரையில்தான் கூடு கட்டியது. ஒரே ஒரு முட்டைதான் இடும் என்று அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பயணி ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த ஒரு முட்டையும் பன்றி வாயில் போனால் அந்த ஆண்டு அவ்வளவுதான். வளர்ந்த பறவைகள் காட்டில் உலவிக்கொண்டிருக்கும், அடுத்த தலைமுறை மட்டும் வராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். என்னைக் கேட்டால், துப்பாக்கியும் தடியும் இல்லாமலே டோடோ அழிந்திருக்கும்.

கேள்வி: கடைசி டோடோ எப்போது செத்தது?

பலரும் ஒப்புக்கொள்ளும் கடைசிக் காட்சி 1662. கப்பல் உடைந்து ஒதுங்கிய வோல்கர்ட் எவர்ட்ஸ் என்ற டச்சுக்காரர், மொரீஷியஸை ஒட்டிய குட்டித்தீவு ஒன்றில் பார்த்தார். பன்றிகள் எட்டாத இடமாக இருந்ததால் அங்கே தாக்குப்பிடித்திருக்கலாம். பதிவான காட்சிகளை வைத்துப் புள்ளியியல் முறையில் கணக்கிட்டவர்கள் 1690 வாக்கில் முற்றிலும் அழிந்திருக்கும் என்கிறார்கள்.

கேள்வி: படங்களில் ஏன் அவ்வளவு குண்டு?

ரோலன்ட் சாவெரி போன்ற ஐரோப்பிய ஓவியர்களின் கைவண்ணம். கூண்டில் அடைத்து அளவுமீறித் தீனி போட்ட பறவையையோ, பஞ்சடைத்த உடலையோ பார்த்து வரைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒல்லியான, நம்பத்தக்க டோடோ வேண்டுமானால் முகலாய ஓவியத்தைப் பாருங்கள். ஜஹாங்கீர் அவையின் உஸ்தாத் மன்சூர் 1625 வாக்கில் வரைந்ததாகக் கருதப்படும் படம் அது. சூரத்தில் இரண்டு டோடோக்களைப் பார்த்ததாகப் பீட்டர் மண்டி என்ற ஆங்கிலப் பயணியும் அந்தக் காலகட்டத்தில் எழுதியிருக்கிறார். ஆக, இந்தியாவுக்கு உயிரோடு வந்திருக்கிறது.

கேள்வி: முழு உடல் எங்காவது பாடம் செய்து வைத்திருக்கிறார்களா?

இல்லை. தோலும் சதையும் மிஞ்சியது ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ஒரு தலையிலும் பாதத்திலும் மட்டுமே. 2018இல் அந்தத் தலையை ஸ்கேன் செய்தபோது மண்டைக்குள் ஈய ரவைகள் தெரிந்தன. லண்டனில் காட்சிப் பொருளாக வைத்திருந்து இயற்கையாக இறந்த பறவை என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தார்கள்!

எலும்புகள் நிறைய உண்டு. 1865இல் ஜார்ஜ் கிளார்க் என்ற பள்ளி ஆசிரியர் மொரீஷியஸின் மாரோ சோஞ்ஜ் சதுப்பில் கூலியாட்களை இறக்கிக் காலால் துழாவ வைத்து எடுத்தார். முழு எலும்புக்கூட்டைக் கண்டுபிடித்தவர் எத்தியேன் திரியூ. தொழில் முடிதிருத்துவது, ஓய்வு நேரத்தில் மலையேறி எலும்பு தேடுவது. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த ஆள் அவர்தான்.

கேள்வி: டோடோ விழுங்கினால்தான் முளைக்கும் என்று ஒரு மரம் உண்டாமே?

தம்பலகோக் மரம். 1977இல் வந்த அழகான கருதுகோள், நிற்கவில்லை. டோடோ அழிந்த பின் முளைத்த மரங்கள் இருக்கின்றன. விதை தானாகவே முளைக்கிறது.

கேள்வி: மறுபடி உருவாக்கப் போகிறார்களாமே மேற்கே?

2023இல் ஓர் அமெரிக்க நிறுவனம் அறிவித்தது. நிக்கோபார் புறாவின் மரபணுவை மாற்றி அமைக்கும் திட்டம். வெற்றி பெற்றாலும் கிடைப்பது டோடோ சாயலில் ஒரு புறா என்பது என் கருத்து. தவிர, எலியும் குரங்கும் இன்னும் மொரீஷியஸிலேயேதான் இருக்கின்றன.

கேள்வி: அடுத்த மாதம் மொரீஷியஸ் போகிறோம். என்ன பார்க்கலாம்?

தலைநகர் போர்ட் லூயிஸின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் திரியூவின் எலும்புக்கூடு நிற்கிறது. மற்ற ஊர்களில் இருப்பவை பெரும்பாலும் பல பறவைகளின் எலும்பைக் கோத்தவை, இது ஒரே பறவையுடையது. அப்புறம் மாயேபூர் பக்கம் படகேறி இலோ செக்ரெத் குட்டித்தீவுக்குப் போங்கள். எலியை ஒழித்த தீவு. காட்டில் பத்துப் பன்னிரண்டாகக் குறைந்து போயிருந்த இளஞ்சிவப்புப் புறாவை அங்கே பார்க்கலாம். மொரீஷியஸ் ரூபாயின் காகித நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் டோடோ தலை நீர்க்குறியாகத் தெரியும். அதே நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கும், தவறவிடாதீர்கள்.