வாசகர் கேள்வி: நியூ ஆர்லியன்ஸ்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கச் செல்லும்போது நியூ ஆர்லியன்ஸில் இரண்டு நாள் தங்குகிறோம். வரலாறும் இசையும் பிடித்த எங்களுக்கு எவற்றைப் பரிந்துரைப்பீர்கள்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: முதலில் காங்கோ சதுக்கத்துக்குச் செல்லுங்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் இருக்கும் இந்தத் திறந்தவெளியில்தான், அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பறையடித்து ஆடினார்கள். பிற்காலத்தில் ஜாஸ் என உலகம் கொண்டாடிய இசையின் வேர்களில் ஒன்று இம்மண்ணில் இருக்கிறது. வட்டம் வட்டமாகக் கல் பாவிய தரையையும் ஓக் மரங்களையும் தவிர அங்கே அதிகம் இல்லை என்றாலும், இந்நகரில் முதல் மரியாதைக்குரிய இடம் இதுவே என்பது என் கருத்து.

அங்கிருந்து பிரெஞ்சுக் குடியிருப்புக்கு நடந்தே போகலாம். பெயர் பிரெஞ்சு என்றாலும், 1788, 1794 ஆகிய ஆண்டுகளின் பெருந்தீயில் பழைய வீடுகள் பெரும்பாலும் எரிந்துபோனதால், ஸ்பானிய ஆட்சிக்காலக் கட்டடக்கலையின் சாயலை அங்கே நிறையக் காணலாம். லூசியானா நிலப்பரப்பு 1803-இல் அமெரிக்காவிடம் கைமாறிய கபில்டோ கட்டடம் இப்போது அருங்காட்சியகம்.

மாலையில், 1961-இல் தொடங்கப்பட்ட பிரிசர்வேஷன் ஹால் என்ற ஜாஸ் இசைக்கூடத்தைத் தவறவிடாதீர்கள். மிகச் சிறிய கூடம். மரப்பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்காரவோ பின்னால் நிற்கவோ வேண்டியிருக்கும் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் இருக்கையுடன் கூடிய சீட்டை முன்பதிவு செய்வது நல்லது. கத்ரீனா புயலில் சேதமடைந்து 2013-இல் மீண்டும் திறக்கப்பட்ட சேங்கர் அரங்கில் நிகழ்ச்சி இருந்தால் அதையும் பாருங்கள்.