மழைக்காடுகளைக் காக்கக் காசு எங்கிருந்து வரும்? – கேள்வி பதில்

கேள்வி: சார், காட்டை வெட்டினால் மாட்டுப்பண்ணை, சோயா என்று வருமானம். வெட்டாமல் விடுகிறவனுக்கு என்ன கிடைக்கும்?

பதில்: பெரும்பாலும் ஒன்றுமில்லை. கோஸ்டா ரிக்கா ஒரு விதிவிலக்கு. காட்டை அப்படியே வைத்திருக்கும் நில உரிமையாளருக்கு 1997 முதல் அரசே பணம் தருகிறது. எரிபொருள் வரியில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. ஆனால் 1996 வனச்சட்டம் காட்டு நிலத்தை வேறு எதற்கும் மாற்றக்கூடாது என்று தடையும் போட்டது. இதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அங்கே அழிந்த காடு பெருமளவு திரும்பியது வெறும் காசு கொடுத்ததால்தான் என்று நான் நம்பவில்லை.

கேள்வி: கடனுக்குப் பதில் காடு என்கிறார்களே?

பதில்: 1987-இல் பொலிவியாவில் ஆரம்பித்தது. கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, வெளிநாட்டு வங்கிகளுக்குப் பொலிவியா தரவேண்டிய 6.5 லட்சம் டாலர் கடனை 1 லட்சம் டாலருக்கு வாங்கி ரத்து செய்தது (வங்கிகளுக்கு எப்படியும் வராக்கடன்தானே). பதிலுக்கு பெனி காப்பகத்தையும் சுற்றியுள்ள நிலத்தையும் பாதுகாக்க அரசு ஒப்புக்கொண்டது. நல்ல வழிதான், தொகைதான் சின்னது.

கேள்வி: பிரேசிலின் பெலேம் நகரில் காலநிலை மாநாட்டையொட்டி அறிவித்த டிஎஃப்எஃப்எஃப் (வெப்பமண்டலக் காடுகளைக் காப்பதற்கான நிதியம்) நன்கொடையா?

பதில்: இல்லை, முதலீடு. 2025 நவம்பரில் பிரேசில் முன்னின்று தொடங்கியது. இலக்கு 12,500 கோடி டாலர்: 2,500 கோடி அரசுகள் போன்றவர்களிடமிருந்து, மீதி தனியாரிடமிருந்து. அதைப் பெரும்பாலும் வளரும் நாடுகளின் கடன் பத்திரங்களில் போடுவார்கள். முதலீட்டாளர்களுக்கு வட்டி கொடுத்தது போக மிஞ்சுவது காட்டுக்கு, ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 4 டாலர். 1 கோடி ஹெக்டேர் வைத்திருக்கும் நாட்டுக்கு 4 கோடி டாலர் என்று வையுங்கள். செயற்கைக்கோள் படத்தில் ஒரு ஹெக்டேர் அழிந்தது தெரிந்தால் குறைந்தது 100 ஹெக்டேருக்கான தொகை பிடித்தம். வருவதில் ஐந்தில் ஒரு பங்கு பழங்குடிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும். எனக்கு உறுத்துவது வரிசைதான்: முதலில் முதலீட்டாளர், கடைசியில் காடு. சந்தை சரிந்தால் யார் பங்கில் துண்டு விழும் என்று சொல்லவே வேண்டாம்.

கேள்வி: அதற்கு கார்பன் கிரெடிட்டே போதுமே?

பதில்: காட்டைக் காத்து இவ்வளவு கரியமில வாயு வெளியேறாமல் தடுத்தோம் என்று சான்று வாங்கி விற்பதுதான் கார்பன் கிரெடிட். இந்தத் திட்டம் இல்லாவிட்டால் இவ்வளவு காடு போயிருக்கும் என்ற ஊகத்தின் மேல்தான் அந்தக் கணக்கே நிற்கிறது. ஊகத்தை ஊதினால் கிரெடிட்டும் ஊதும். முன்பிருந்தே வெட்டாமல் காத்த நாட்டுக்கு இந்த வழியில் காட்டுவதற்குப் பெரிதாகக் கணக்கு இருக்காது.

கேள்வி: தருவதாகச் சொன்னவர்கள் கைவிரித்தால்?

பதில்: எக்வடோரில் அதுதான் நடந்தது. யாசுனி காட்டுக்கு அடியில் இருக்கும் எண்ணெயை எடுக்காமலிருக்க அந்நாட்டு அரசு உலக நாடுகளிடம் 360 கோடி டாலர் கேட்டது. 2013-இல் திட்டத்தைக் கைவிட்டபோது கைக்கு வந்திருந்தது சுமார் 1.3 கோடி. பிறகு எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்டில் பொதுவாக்கெடுப்பு நடந்தது; சுமார் 59 சதவீதம் பேர் எண்ணெய் நிலத்துக்கடியிலேயே இருக்கட்டும் என்றார்கள், இந்தமுறை வெளியார் காசு எதுவும் பேசப்படாமலே.